கழிவு நீக்க முகாமுக்குப் போகிறீர்களா? முதலில் கழிவின் பெயரைக் கேளுங்கள்

பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ஒரு கை கல்லுப்பு, நடுவில் மின்கம்பி கோத்த சின்ன உருளை. இரண்டு கால்களையும் உள்ளே விட்டு உட்கார்ந்தேன். ஐந்தாவது நிமிடத்தில் தண்ணீர் இளமஞ்சளாயிற்று. பதினைந்தாவது நிமிடத்தில் வெல்லம் கரைத்த நிறம். அரை மணி முடிவதற்குள் ஓரத்தில் நுரை கட்டி, அடியில் கசடு இறங்கி, பார்க்கவே குமட்டியது. பணியாளர் ஒரு வண்ண அட்டையை நீட்டினார். ஆரஞ்சு என்றால் மூட்டுக் கழிவு, பழுப்பு என்றால் கல்லீரல் கழிவு, நுரை என்றால் நிணநீர்க் கழிவு. "உங்களுக்கு மூன்றும் வந்திருக்கிறது அம்மா" என்றார், மூன்று பாடத்திலும் தேறிவிட்டதாகச் சொல்வதுபோல.

நான் திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்ப்பவள். யாராவது கழிவு என்று சொன்னால் என் கை தானாகச் சோதனைக் குழாயைத் தேடும். "இதில் கொஞ்சம் பாட்டிலில் பிடித்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "அப்படியே, காலை வைக்காமல் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்களேன்" என்றபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா என் தொடையைக் கிள்ளினாள். "வந்த இடத்தில் சும்மா இருக்க மாட்டாயா?"

போன தை மாதம் அக்காவும் நானும் ஒரு மலையடிவாரத்து இயற்கை மருத்துவ மையத்தில் ஏழு நாள் தங்கினோம். ஆளுக்கு இருபத்தோராயிரம் ரூபாய். கால் தொட்டிக்குத் தனியாக ஒரு தடவைக்கு அறுநூறு. திரும்பி வந்த நாள் முதல், கூடத்துக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: போகலாமா, உடம்புக்கு நல்லதா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் ஓய்வுக்காகப் போங்கள், வாயைக் கட்டிப் பழகப் போங்கள். கழிவு வெளியேறும் என்ற நம்பிக்கையில் போனால் பணம் போகும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

ஆணி இரண்டு, பேட்டரி ஒன்று

முதலில் அந்தத் தொட்டிக் கணக்கை முடித்துவிடுகிறேன். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். பூச்சு இல்லாத சாதாரண இரும்பு ஆணி இரண்டை ஒன்றோடொன்று ஒட்டாமல் தண்ணீரில் நிறுத்துங்கள். ரேடியோக் கடையில் கிடைக்கும் 9 வோல்ட் சதுர பேட்டரியின் இரண்டு முனைகளையும் கம்பியால் ஆளுக்கொரு ஆணியில் இணையுங்கள். சுவரில் இருக்கும் மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது, பேட்டரி போதும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆணியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும், அதுதான் நுரை. இன்னொன்றைச் சுற்றிப் பச்சையும் பழுப்புமாக ஏதோ கரைந்து இறங்கும், அதுதான் கல்லீரல் கழிவு. கால் மணி நேரத்தில் டம்ளர் முழுவதும் துருநிறம். டம்ளருக்குக் கல்லீரல் ஏது?

நடப்பது இதுதான். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும்போது இரும்பு கரைகிறது; கரைந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகிறது. உப்பைக் கூட்டினால் நிறம் கூடும், நேரத்தை நீட்டினால் கசடு கூடும். வாரக் கடைசியில் தொட்டித் தண்ணீர் வெளிறிப்போனால் "பார்த்தீர்களா, உடம்பு சுத்தமாகிவிட்டது" என்பார்கள். உப்பைக் குறைத்தாலும் அதே வெளிறல் வரும். கனடாவின் இயற்கை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்களே இந்தக் கருவியைக் கால் வைத்தும் வைக்காமலும் ஓட்டி, தண்ணீரையும் சிறுநீரையும் தலைமுடியையும் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். உடம்பிலிருந்து நச்சு உலோகம் எதுவும் பாதம் வழியாக இறங்கியதற்கு அடையாளம் இல்லை. சோதனைக்கு உட்பட்டவர்கள் ஆறு பேர்தான், சிறிய ஆய்வு; ஆனாலும் தங்கள் துறைப் பெயரில் விற்கும் பொருளைத் தாங்களே சோதித்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. நான் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரை எங்கள் இயந்திரத்தில் ஓட்டினேன். சிறுநீரில் போகும் கழிவுகளான யூரியா, கிரியாட்டினின் இரண்டும் இயந்திரம் காட்டும் அளவுக்குக்கூட இல்லை. இரும்பு மட்டும் தாராளமாக இருந்தது.

இரவில் பாதத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தால் காலையில் கறுத்துப்போகும் பட்டைகளும் இதே வகைதான். ஈரம் பட்டால் கறுக்கும் பொடி உள்ளே இருக்கிறது. கெட்டில் ஆவியில் காட்டிப் பாருங்கள்.

கழிவுக்குப் பெயர் உண்டு

உடம்பில் கழிவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாக அதைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன். புரதம் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. அது உண்மையான நஞ்சு. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது, சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. தசையிலிருந்து கிரியாட்டினின். பழைய ரத்தச் சிவப்பணு உடைவதிலிருந்து பிலிருபின். பியூரின் என்னும் பொருள் சிதைவதிலிருந்து யூரிக் அமிலம். நாம் விழுங்கும் மாத்திரையையும் கல்லீரல்தான் தண்ணீரில் கரையும்படி மாற்றி அனுப்புகிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியே வருகிறது. இந்த வேலை நின்றுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருப்பார்கள். கழிவு தேங்கினால் அப்படித்தான் இருக்கும். சோர்வாக இருக்கிறது, முகத்தில் பரு வருகிறது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

அதனால் யாராவது "உங்கள் உடம்பில் நச்சு சேர்ந்திருக்கிறது" என்றால், கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நச்சு, அதன் பெயர் என்ன? சிகிச்சைக்கு முன் எவ்வளவு இருக்கிறது, எந்தச் சோதனையில் தெரியும்? சிகிச்சைக்குப் பின் எவ்வளவு குறையும்? ஈயம் ஏறிய ஆளுக்கு இந்த மூன்றுக்கும் பதில் உண்டு; ரத்தத்தில் அளந்து, மருந்து கொடுத்து, மறுபடி அளப்பார்கள். எங்கள் மையத்தில் கேட்டபோது கிடைத்த பதில்: "எல்லா நச்சும்தான் அம்மா."

கேட்டவள் சும்மா இருப்பேனா? கிளம்புவதற்கு முந்தின நாள் என் ரத்தத்தை நானே எடுத்து ஓட்டியிருந்தேன். குழாயும் ஊசியும் கையோடு கொண்டுபோனேன். அங்கே முதல் நாள் பழம், அடுத்த மூன்று நாள் சாறும் இளநீரும் மட்டும், பிறகு மறுபடி பழம், கடைசியில் வேகாத காய். நான்காம் நாள் காலை மறுபடி ரத்தம் எடுத்து, பார்க்க வந்த அண்ணன் மகனிடம் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்து மூன்றாம் முறை.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 இருந்தது, நான்காம் நாள் 88. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 196லிருந்து 121. இரண்டுமே நல்ல செய்தி. சோறும் எண்ணெயும் நின்றால் இறங்கத்தான் செய்யும். கிரியாட்டினின் 0.8லேயே நின்றது. யூரிக் அமிலம்தான் என்னைச் சிரிக்கவைத்தது. 5.1 இருந்தது 7.6 ஆகியிருந்தது. பிலிருபின் 0.7லிருந்து 1.4. பெயர் சொல்லி அளக்கக்கூடிய கழிவு இரண்டு. கழிவு நீக்க முகாமில் இரண்டும் ஏறியிருந்தன! பயப்பட ஒன்றுமில்லை. பட்டினி கிடக்கும்போது உடம்பு கொழுப்பை எரிக்கிறது, அதில் வரும் கீட்டோன்கள் சிறுநீரகத்தில் யூரிக் அமிலத்துக்கு வழிவிடாமல் முந்திக்கொள்கின்றன. பிலிருபினும் பட்டினியில் கொஞ்சம் ஏறுவது வழக்கம். இரண்டு வாரத்தில் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. நல்ல செய்தியாக இருந்த சர்க்கரையும் அப்படியே 108க்குத் திரும்பியது. யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கும் கீல்வாதக்காரர் யாராவது இதைப் படித்தால், நீண்ட பட்டினிக்கு முன் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

எடையும் அப்படித்தான். 71.2 கிலோவில் போனேன், ஏழாம் நாள் 67.9. மையத்தில் கை தட்டினார்கள். நம் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துக் கையிருப்பு அரைக் கிலோவுக்குள் இருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். முதல் இரண்டு நாள் பட்டினியில் கையிருப்பு கரையும்போது அந்தத் தண்ணீரும் போய்விடும். நாலு நாள் சோறு சாப்பிட்டதும் திரும்பி வரும். இரண்டு வாரத்தில் நான் 70.3. நிஜமாகக் குறைந்தது ஒரு கிலோகூட இல்லை. அதுவும் மோசமில்லை, ஆனால் அதற்காக யாரும் கை தட்டமாட்டார்கள்.

2015இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் கடையில் விற்கும் டீடாக்ஸ் உணவுமுறைகளைப் பற்றி வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தேடித் தொகுத்தார்கள். ஆட்களை இரு குழுவாகக் குலுக்கிப் பிரித்து, முறைப்படி மனிதர்களிடம் சோதித்த ஆய்வு ஒன்றுகூடத் தங்களுக்கு அகப்படவில்லை என்று எழுதினார்கள்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை

எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சோர்வு, முடி கொட்டுதல், மலச்சிக்கல், உடம்பு கனம் என்று எழுதினால், முகாமுக்குக் கட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கை முதலில் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., மூன்று மாதச் சர்க்கரை காட்டும் எச்.பி.ஏ.1.சி., கிரியாட்டினின், கல்லீரலுக்கான எஸ்.ஜி.பி.டி. இந்த ஐந்து போதும், பெரிய பொட்டலமெல்லாம் வேண்டாம். எங்கள் தெருவில் ஒருவர் "உடம்பு முழுக்கக் கழிவு" என்று இரண்டு வருடம் அருகம்புல் குடித்துக்கொண்டிருந்தார். சோதித்தால் டி.எஸ்.எச். 38, இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. தைராய்டு மாத்திரை ஆரம்பித்த இரண்டு மாதத்தில் மாடிப்படி ஏறிப் போய்த் துணி காயப்போட்டார்.

அடுத்தது மாத்திரைப் பட்டியல். இதைத்தான் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். அக்காவுக்கு வயது அறுபத்தொன்று, பத்து வருடமாகச் சர்க்கரை. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. மையத்தில் சேரும்போது படிவத்தில் சர்க்கரை என்ற கட்டத்தில் டிக் அடித்தார்கள், என்ன மாத்திரை என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் சாம்பல் பூசணிச் சாற்றைக் குடித்துவிட்டு நீராவிக் குளியலுக்குப் போனாள். பதினொன்றரை மணிக்கு அறைக்கு வந்தவள் கட்டிலில் உட்கார்ந்து, அவிழ்ந்த புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "என்ன அக்கா?" என்றால் பதில் இல்லை. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை, உள்ளங்கை ஜில்லென்று இருந்தது. சிகிச்சை உதவியாளர் எட்டிப் பார்த்து, "நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், படுக்கச் சொல்லுங்கள்" என்றார்.

நான் கொண்டுபோயிருந்த கருவியில் விரல் நுனி ரத்தம் வைத்தேன். 48. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினேன். கால் மணி கழித்து 63, மறுபடி சர்க்கரைத் தண்ணீர், பிறகு வாழைப்பழம். அரை மணியில் "ஏன் எல்லோரும் என்னைப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டாள். கிளிமிபிரைடு பல மணி நேரம் வேலை செய்யும் மருந்து. ஒருமுறை ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கலாம். அதனால் டாக்ஸி பிடித்து ஊருக்குள் ஒரு மருத்துவமனையில் அன்று இரவு வரை வைத்திருந்தோம். அவளைப் படுக்க மட்டும் வைத்திருந்தால் என்னாகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை.

ஆகவே கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் பட்டினித் திட்டத்தைக் காட்டி, எந்த நாள் எவ்வளவு மருந்து என்று எழுதி வாங்காமல் கிளம்பக்கூடாது. டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளில் வேறு விதமான ஆபத்து. பட்டினியில் ரத்தம் அமிலமாகிவிடலாம். சர்க்கரை எண்ணோ பெரிதாக ஏறாமல் ஏமாற்றும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் நேராக மருத்துவமனைக்கு. ரத்த அழுத்த மாத்திரை, அதிலும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்கள் உப்பில்லாப் பத்தியமும் நீராவியும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது விழுந்துவிடுவார்கள். சிறுநீரகப் பழுது உள்ளவர்களுக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே கெடுக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்குக் கீரைச் சாறு அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். கர்ப்பிணிகள் பட்டினிப் பக்கமே போக வேண்டாம்.

எந்த இடம்?

பெயர்ப் பலகையை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். இயற்கை மருத்துவத்துக்கு என்றே பி.என்.ஒய்.எஸ். பட்டம் இருக்கிறது, பயிற்சி வருடத்தோடு சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. மாவட்டத்து அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு உண்டு. ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு நாள் போய்ப் பேசிப் பாருங்கள். நான் பார்த்த அரசு மருத்துவர் ஒருவர், கால் தொட்டி என்றதும் முகம் சுளித்தார். "மண்ணும் தண்ணீரும் போதாதா?" என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. காந்தி தன் மலச்சிக்கலுக்கு வயிற்றில் ஈரமண் கட்டியவர்; 1946இல் புனே அருகே உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ ஆசிரமம் தொடங்கினார். ஏழைக்குக் கைச்செலவில்லாத வைத்தியம் என்பதுதான் அவருடைய எண்ணம். தடவைக்கு அறுநூறு ரூபாய் இயந்திரம் அந்த மரபில் எப்போது நுழைந்ததோ!

போனில் விசாரிக்கும்போதே கேட்டுவிடுங்கள்: பட்டம் பெற்ற மருத்துவர் தினமும் பார்ப்பாரா, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தினம் அளப்பீர்களா, இரவில் யார் இருப்பார்கள், பக்கத்து மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர்? எந்தெந்தச் சிகிச்சைக்குத் தனிக்கட்டணம்? "வந்த முதல் நாளே ஆங்கில மருந்தையெல்லாம் நிறுத்திவிடுவோம்" என்று பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுங்கள்.

எதை ஏற்கலாம், எதை மறுக்கலாம்

மண்பட்டி எனக்குப் பிடித்தது. சலித்த மண்ணைக் குழைத்துத் துணியில் கட்டி, அடிவயிற்றிலும் கண்ணிலும் இருபது நிமிடம் வைப்பார்கள். குளிர்ச்சி, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும் சுகம். மண் விஷத்தை உறிஞ்சுகிறது என்பார்கள், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இடுப்புக் குளியலும் அப்படியே. மூலக்காரர்களுக்கு வெந்நீர்த் தொட்டி எரிச்சலைத் தணிக்கும். வாழையிலைக் குளியல் என்று வெயிலில் இலை சுற்றிப் படுக்கவைப்பார்கள். வியர்வை ஆறாக ஓடும். வியர்வையில் இருப்பது தண்ணீரும் உப்பும்தான் பெரும்பாலும். இறங்கும் எடை அடுத்த சொம்புத் தண்ணீரில் திரும்பிவிடும். ரத்த அழுத்தக்காரர்களும் முதியவர்களும் அதைத் தவிர்க்கட்டும்.

எனிமா பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். "குடலில் வருடக்கணக்கான மலம் அஞ்சு கிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்ற பேச்சு ஊர் முழுக்க இருக்கிறது. குடலின் உட்சுவர்ச் செல்கள் சில நாளுக்கொருமுறை உதிர்ந்து புதிதாக முளைப்பவை. எதுவும் வருடக்கணக்கில் அங்கே ஒட்ட முடியாது. கொலனோஸ்கோபி, அதாவது கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை, செய்துகொண்ட யாரையாவது கேளுங்கள். முந்தின இரவு ஒரு பொடியைக் கரைத்துக் குடிக்கவைப்பார்கள், காலையில் திரையில் தெரிவது ஈரமான இளஞ்சிவப்புச் சுவர். மலச்சிக்கலுக்கு எப்போதாவது ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீர் எனிமா எடுப்பதில் தவறில்லை. தினமும் ஏழு நாள் என்றால் மறுத்துவிடுங்கள். காப்பி எனிமா என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மலக்குடல் வெந்துபோனவர்களும், உடலின் உப்புச் சமநிலை குலைந்து இறந்தவர்களும் மருத்துவ ஏடுகளில் இருக்கிறார்கள். காப்பியை வாயால் குடிப்பதுதான் மரியாதை.

காப்பி என்றதும் இன்னொன்று. எனக்கு முதல் நாள் மாலையே மண்டை பிளந்தது. "நச்சு தலைக்கு ஏறி இறங்குகிறது" என்றார்கள். முப்பது வருடமாகக் காலையும் மாலையும் டிகிரி காப்பி குடித்தவள் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளைக்குள் தலைவலி தொடங்கும், இரண்டு நாள் உச்சத்தில் இருக்கும், ஒரு வாரத்துக்குள் போய்விடும். போவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே அரை டம்ளர், கால் டம்ளர் என்று குறைத்துக்கொண்டு போயிருந்தால் அந்த இரண்டு நாளை மிச்சப்படுத்தியிருப்பேன். நாக்கு வெளுப்பதும் வாய் நாறுவதும் பட்டினியின் கீட்டோன்தான். ஆனால் தலைசுற்றல், நடுக்கம், குழறல், படபடப்பு, நிற்காத வாந்தி இவற்றுக்கு யார் என்ன விளக்கம் சொன்னாலும் கேட்காதீர்கள். முதலில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

கைபேசியில் சுற்றும் பித்தப்பைக் கல் வைத்தியம் தெரிந்திருக்கும். எப்சம் உப்பு என்ற பேதி உப்பு, ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு. மறுநாள் மலத்தோடு பச்சைப் பச்சையாக உருண்டைகள். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் அப்படிப்பட்ட உருண்டைகளைச் சோதித்து எழுதினார்கள். 40 டிகிரி சூட்டில் பத்து நிமிடம் வைத்ததும் பச்சை எண்ணெயாக உருகிவிட்டன. கொலஸ்ட்ரால், பிலிருபின், கால்சியம் எதுவும் இல்லை. குடித்த எண்ணெயும் சாறும் வயிற்றுக்குள் சேர்ந்து உண்டாக்கிய சோப்பு! நிஜக் கல் உள்ளவருக்கு இதில் விபரீதம் உண்டு. எண்ணெய் பித்தப்பையைச் சுருக்கும்போது கல் நகர்ந்து குழாயில் அடைத்தால் கணையம் வீங்கும்.

சாறு குடிப்பவர்களுக்கு

சுரைக்காய்ச் சாறு குடிக்கும் வழக்கம் இருந்தால், ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு காயிலும் ஒரு சிறு துண்டை நறுக்கி நாக்கில் வையுங்கள். துளி கசப்பு இருந்தாலும் துப்பிவிட்டுக் காயை முழுதாகத் தூக்கி எறியுங்கள். 2010இல் தில்லியில் ஓர் அறிவியலாளர், நாள்தோறும் குடித்துவந்த அதே சாற்றால் இறந்தார். அன்று அது கசந்திருக்கிறது, பாகற்காய்ச் சாற்றோடு வேறு கலந்திருந்தார். கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டசின் என்ற பொருள் வயிற்றுக்குள் ரத்தக் கசிவை உண்டாக்கும், மாற்று மருந்து கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் அமைத்த நிபுணர் குழு சொன்னதும் இதுதான்: கசந்தால் குடிக்காதே, வேறு சாற்றோடு கலக்காதே. மையத்தில் டம்ளரில் ஊற்றித் தரும்போதும் முதல் வாயைச் சொட்டாகச் சுவையுங்கள். கசந்தால் "பழகிவிடும்" என்று சொல்வார்கள். பழக வேண்டாம்.

புளிப்பில் வேறு கண்டம். கேரளத்தில் இலும்பன்புளி என்று சொல்லும் காயைக் கொழுப்புக் குறையும் என்று சாறாகக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி 2013இல் அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். காரணம் ஆக்சலேட். நம் பசலைக்கீரையிலும் அது நிறைய உண்டு. கூட்டு வைத்துச் சாப்பிட்டால் ஒன்றுமில்லை. ஒரு கட்டுக் கீரையைப் பச்சையாக அரைத்து வெறும் வயிற்றில் நாள்தோறும் குடிப்பது வேறு கதை. சிறுநீரகக் கல் வந்தவர்கள் அந்தப் பச்சைச் சாற்றைத் தொட வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு

பட்டினி முடிந்த மறுநாளே பிரியாணிக் கடைக்குப் போகாதீர்கள். நாங்கள் திரும்பிய அன்று இரவு குழைந்த கஞ்சி, மறுநாள் இட்லியும் ரசம் சாதமும், மூன்றாம் நாள் கூட்டு பொரியல். ஒரு வாரத்துக்கும் மேல் வெறும் சாற்றில் இருந்தவர்களும், ஏற்கெனவே மெலிந்து கிடந்தவர்களும் இன்னும் மெதுவாக, மருத்துவர் பார்வையில்தான் பழைய சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் தடுமாறும்.

அந்த மையத்திலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்தவை மூன்று. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள். வாரத்துக்கு ஒரு நாள் இரவில் பழம் மட்டும், மற்ற நாள் ஒரு கரண்டி சோறு குறைவு. காலையில் குளக்கரை வரை நாற்பது நிமிட நடை. எட்டு மாதத்தில் எடை 67க்கு வந்திருக்கிறது, எச்.பி.ஏ.1.சி. 6.0லிருந்து 5.7. இதில் சாறும் இல்லை, தொட்டியும் இல்லை. ஆனால் ஏழு நாள் வீட்டை விட்டுப் போய் வாயைக் கட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் இதைத் தொடங்கியிருப்பேனா என்று கேட்டால், தொடங்கியிருக்க மாட்டேன்.

அக்கா அடுத்த தையில் மறுபடி போகிறாள். வேறு மையம், மருத்துவர் தினமும் பார்க்கும் இடம். "அவ்வளவு நடந்த பிறகும் எதற்கு அக்கா?" என்று கேட்டேன். "கல்யாணமாகி முப்பத்தேழு வருடத்தில், காலையில் எழுந்ததும் யாருக்கும் காப்பி போடாமல் இருந்தது அந்த ஏழு நாள்தான்" என்றாள். கிளிமிபிரைடை எந்த நாள் நிறுத்துவது, எவ்வளவு குறைப்பது என்று அவள் மருத்துவரிடம் எழுதி வாங்கி, கைப்பையில் சர்க்கரை அளக்கும் கருவியோடும் நாலு குளுக்கோஸ் பொட்டலத்தோடும் சேர்த்து வைத்திருக்கிறேன். கால் தொட்டிக்கு அறுநூறு ரூபாய் கொடுக்க மாட்டேன் என்று சத்தியமும் வாங்கியிருக்கிறேன். அதைக் காப்பாற்றுவாள் என்று தோன்றவில்லை. அந்தத் தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை.